ஓடுபாதையை நோக்கிப் போன வீடு

துணை விமானி குடியிருந்த மாடி வீடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு நின்ற இடத்தை விட்டுக் கிளம்பி, முந்நூறு மீட்டர் தள்ளி, மருந்துக்கடைக்கு எதிரே போய் நின்றது. மாடியில் அவளும் அவளுடைய அப்பாவும் இருந்தார்கள். கீழே குடியிருந்த தையற்காரர் ஒரு சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார், ஊசி உடையவில்லை. இருபது கிலோமீட்டர் தூரத்தில் இருந்த விமான நிலையம் அந்த முந்நூறு மீட்டர் மட்டும் கிட்டே வந்திருந்தது.

அவள் ஏழு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து, முப்பத்திரண்டாம் வயதில், சின்ன ஊர்களுக்குப் பறக்கும் ஒரு சின்ன விமான கம்பெனியில் சேர்ந்தவள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அங்கே ரிசர்வ் வேலைதான். காலை ஐந்து முதல் மாலை ஐந்து வரை போனும் கையுமாக இருக்க வேண்டும். எங்கேயோ ஒரு விமானிக்குக் காய்ச்சல் என்றால் கூப்பிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் போய் நிற்க வேண்டும். முதல் அழைப்பு பத்தொன்பதாம் நாள் வந்தது. வழியில் இருந்த ஆற்றுப் பாலத்தில் நெரிசல், பன்னிரண்டு நிமிஷம் தாமதம், அவள் இடத்தில் வேறொருவர் பறந்துவிட்டார். இரண்டாவது தடவை நாலே நிமிஷம். அதுவும் போயிற்று. “மூணாவது தடவையும் லேட்டானா பேர எடுத்துருவாங்க மேடம். அப்புறம் சொல்லலேன்னு சொல்லாதீங்க” என்றார் பணிப்பட்டியல் போடுகிறவர்.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கே யூனிஃபார்மும் ஷூவும் போட்டுக்கொண்டு, சுவரில் ஒட்டிய விமானி அறைப் படத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, செக்லிஸ்ட்டை ஒவ்வொரு வரியாகப் படிப்பார். அவள் படத்தில் இருந்த சுவிட்சைத் தொட்டுப் பதில் சொல்வாள். எல்லாம் முடிந்ததும் முப்பது வருஷப் பழக்கத்தில் அவர், “ரைட், போலாம்!” என்பார். அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் சொன்னார். வீடு போயிற்று.

அதன்பின் ரிசர்வ் நாள் ஒவ்வொன்றிலும் வீடு முந்நூறு மீட்டர் நகர்ந்தது. விடுமுறை நாளில் அசையவில்லை. சந்து கண்ட இடத்தில் ஒடுங்கிக்கொண்டது, பஸ் வந்தால் ஒதுங்கி வழிவிட்டது, ஆற்றுப் பாலத்தையும் ஓரமாகவே கடந்தது. மின்வாரியத்தார் கம்பியை நீட்டி நீட்டிச் சலித்து, கடைசியில் ஓர் ஆளை அதற்கென்றே போட்டார்கள். வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து, “குடியிருக்கத்தானே விட்டேன், ஊர்வலம் போகவா விட்டேன்?” என்று கத்தினார். மாநகராட்சியிலிருந்து வந்தவர் டேப் பிடித்து அளந்து, ‘கட்டடம் உறுதி, இருப்பிடம் மாறுதலுக்கு உட்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தையற்காரருக்குத்தான் தாங்கவில்லை. ஒரு நாள் மாடியேறி வந்து வாசலிலேயே நின்றார். “பைலட்டம்மா, உங்களுக்கு வேலை வேணும், சரி. எனக்கு வேணாமா? பேண்ட்டுக்கு அளவு கொடுத்தவரு நேத்து பழைய தெருவுல கடையத் தேடிட்டுத் திரும்பிப் போயிருக்காரு.”

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. “நிறுத்திடுறேன்னு பொய் சொல்ல மாட்டேண்ணா. எனக்கு இத விட்டா வேற வழியில்ல. ஆனா உங்க துணிய நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்” என்றாள்.

சொன்னதைச் செய்தாள். விடுமுறை நாளெல்லாம் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு பழைய தெருவுக்குப் போய்த் தைத்ததைக் கொடுத்து, புதிய அளவுகளை எடுத்து வந்தாள். இடுப்பளவில் அரை அங்குலம் கூடப் பிசகியதில்லை. இதற்கிடையே வீடு போன வழியெல்லாம் புது ஆட்கள் துணியோடு வந்து நின்றார்கள். மூன்றாம் மாதம் தையற்காரர் இரண்டாவது மெஷின் வாங்கிப் போட்டுவிட்டு, இனி எந்தப் பக்கம் திரும்புவதாக உத்தேசம் என்று அவளிடமே விசாரித்தார்.

வீடு விமான நிலையத்து வேலியை ஒட்டி வந்து நின்ற வாரம் மழை கொட்டியது. பாலத்தை மூடிவிட்டார்கள், மற்ற ரிசர்வ் விமானிகள் அத்தனை பேரும் அக்கரையில். மதியம் இரண்டு இருபதுக்குப் போன் வந்தது.

“மேடம், எவ்வளவு நேரத்துல வர முடியும்?”

“ஒன்பது நிமிஷம்.”

எட்டு நிமிஷத்தில் போய் நின்றாள். கேப்டன் அவளுடைய ஷூவைப் பார்த்தார்; சேறு ஒட்டியிருக்கவில்லை. “பாலம்தான் மூடியிருக்கே, எந்த வழியா வந்தீங்க?”

“வீட்டோட வந்துட்டேன் சார்.”

அவர் தலையாட்டிவிட்டு வானிலைத் தாளைக் கொடுத்தார். முப்பத்தெட்டு பயணிகள். அதில் ஒருத்தி, மலைக்கு அந்தப்புறம் பிரசவ வலியில் இருந்த தங்கையிடம் போய்க்கொண்டிருந்தாள். குறுக்குக் காற்று கடுமையாக இருந்தும் கேப்டன், “நீங்களே இறக்குங்க” என்றார். அவள் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிப் பிடித்து இறக்கினாள். சக்கரம் தரையைத் தொட்டபோது பின்னால் ஒரு குழந்தை மட்டும் விழித்துக்கொண்டது. தங்கைக்காரிக்கு அன்று சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. அக்கா கூட இருந்தாள்.

ஒன்றரை வருஷத்தில் அவளுக்கு ரிசர்வ் முடிந்து சொந்தப் பணிப்பட்டியல் கிடைத்தது. வீடு வேலியோரத்திலேயே நின்றுவிட்டது, திரும்பிப் போகவில்லை, யாரும் போகச் சொல்லவுமில்லை. வீட்டுக்காரர் புதுக் கதவெண் வாங்கி ஆணியடித்தார். விமானிகளுக்கான வரைபடத்தின் அடுத்த பதிப்பில், ஓடுபாதைக்கு அருகே உள்ள தடைகளின் பட்டியலில், தண்ணீர்த் தொட்டிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே ஒரு வரி சேர்ந்தது: ‘கிழக்கு முனையில் வீடு, உயரம் இருபத்தெட்டு அடி, மொட்டை மாடியில் துணி காயக்கூடும்.’ இறங்கப் போகிறவர்கள் அதைப் படித்துக்கொள்கிறார்கள், இறங்குகிறார்கள்.