தோல் நகராது

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் தோல் கம்பெனி முதலாளி மக்பூல் அகமது கட்டிய புதிய அலுவலகத்துக்குக் கண்ணாடி அதிகம், ஜன்னல் கிடையாது. திறப்பு விழாவில் அவர் மைக்கைப் பிடித்து, "இது பில்டிங் இல்ல, மூளை" என்றார். அந்த மூளை முதல் மாடியில் ஒரு தனி அறையில் இருந்தது. சுவரளவு டிவி, அதில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு புள்ளி. அறையில் ஆள் அசைந்தால் சென்சார் கண்டுபிடித்து ஏசியை ஓட்டும், புள்ளி பச்சையாகும். பத்து நிமிஷம் யாரும் அசையாவிட்டால் ஏசியை நிறுத்தும், புள்ளி சாம்பலாகும்.

சென்னையிலிருந்து இதைக் கொண்டுவந்து மாட்டிய எஞ்சினியர் சூரியபிரகாஷ், "இனிமே யாரும் ஒரு ஸ்விட்சக்கூட தொட வேணாம்" என்று அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். எலியாஸும் தட்டினார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கம்பெனியில் ஏசி ஸ்விட்சுகளைத் தொடுவதுதான் அவர் உத்தியோகம்.

முதலாளி எதையும் மறைக்கவில்லை. "எலியாஸு, நாலு வாரம் டிரயல். சிஸ்டத்துக்கு நீ தேவைன்னு தெரிஞ்சா இரு. இல்லன்னா செட்டில்மென்ட் வாங்கிக்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

எலியாஸ் மனசில் தேடிப் பார்த்தார். வைத்துக்கொள்வதற்கு எதுவும் அகப்படவில்லை. ஐம்பத்திரண்டு வயதுக்காரனை வேறு எவன் சேர்ப்பான் என்று பயப்பட வேண்டிய இடத்தில், மரத்துப்போன கால் மாதிரி ஏதோ ஒன்று கிடந்தது. வீட்டில் சொன்னபோது, நர்ஸ் வேலை பார்க்கும் அவர் மனைவி எப்சிதான் அவருக்கும் சேர்த்துப் பயந்தாள்.

இரண்டாம் மாடியில் தோல் பரிசோதனை லேப். ஷூவுக்குப் போகும் தோலை மெஷினில் இழுத்துக் கிழித்துப் பார்க்கும் முன், துண்டுகள் இரண்டு நாள் இருபத்து மூன்று டிகிரியில் கிடக்க வேண்டும். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் வந்தால் முதலில் அந்த இரண்டு நாளின் வெப்பநிலை வரைபடத்தில் ஓடும் கோட்டைப் பார்ப்பார். கோடு நேராக இருந்தால்தான் தோலையே கையில் எடுப்பார். அதனால் ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் லேபுக்கு ஏசி நிற்காமல் ஓட விலக்கு கொடுத்திருந்தார்கள். பகலில் எப்படியும் ஆள் இருக்கும் என்று நம்பிக்கை.

ஆனால் ஆம்பூருக்கென்று ஒரு வெள்ளிக்கிழமை உண்டு. பன்னிரண்டரைக்கு ஜும்மா தொழுகைக்குப் போகிறவர்கள் மசூதிக்குப் போவார்கள். மற்றவர்கள் அந்தச் சாக்கில் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். இரண்டரை மணி வரை கம்பெனியில் காக்கா கூட இருக்காது.

"சார், வெள்ளிக்கெழம மத்தியானம் லேப்ல ஏசி நின்னுடும்" என்றார் எலியாஸ்.

"ஆளில்லாத ரூமுக்கு எதுக்குங்க ஏசி? அதானே கான்செப்டே" என்றார் சூரியபிரகாஷ்.

"தோல் இருக்குமே சார்."

"இருக்கட்டும். சென்சார் பாத்துக்கும்."

"தோல் நகராது சார்."

சூரியபிரகாஷ் பெருந்தன்மையுடன் சிரித்தார். அமைப்பை மாற்றினால் டிரயலை முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு மூன்று பேர் கையெழுத்து வேண்டும், மூன்றாமவர் சிங்கப்பூரில் இருக்கிறார் என்று விளக்கினார்.

முதல் வெள்ளிக்கிழமை எல்லோரும் இறங்கிப் போனபின் எலியாஸ் சாப்பாட்டுத் தூக்கோடு லேபுக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கூரையைப் பார்த்துக் கையை ஆட்டினார். மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்த லேப் பெண் ஹேமலதா வாசலில் நின்றுவிட்டாள்.

"அண்ணா, யாருக்கு டாட்டா காட்றீங்க?"

"சென்சாருக்கு."

"அது திருப்பிக் காட்டுதா?"

"ஏசி ஓடுது இல்ல? அதான் பதிலு."

நான்கு வெள்ளிக்கிழமையும் கோடு நேராக ஓடியது. ஐந்தாவது வாரம் சூரியபிரகாஷ் அறிக்கை வாசித்தார். புகார் இல்லை, கோளாறு இல்லை, ஒரே ஒரு குறை. வெள்ளிக்கிழமை மதியங்களில் யாரோ தேவையில்லாமல் லேபில் உட்கார்ந்து கரண்ட்டை வீணாக்கியிருக்கிறார்கள். கேமராவில் எடுத்த படத்தைத் திரையில் போட்டார். ஒரு கையில் சோற்று உருண்டையும் ஒரு கை மேலேயுமாக எலியாஸ்.

"இன்னாய்யா இது, எக்சர்சைஸா?" என்றார் மக்பூல் அகமது.

எலியாஸ் விஷயத்தைச் சொன்னார்.

"சரி, நாலு வாரத்துல ஒருவாட்டியாச்சும் கோடு கோணிச்சா?"

"இல்ல சார். நான் இருந்தேன்."

"பாத்தியா, கோணவே இல்லங்கற. அப்புறம் எதுக்கு நீ?" முதலாளிக்குக் கோபமே இல்லை. "லேப் பக்கம் போவாத. மாசக் கடைசில செட்டில் பண்ணிடலாம்."

அந்த வெள்ளிக்கிழமை எலியாஸ் முதல் மாடியில் டிவிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு லேபின் புள்ளி சாம்பலானது. மேலே இருபது படி ஏறினால் போதும். ஏறவில்லை. கோபமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். தயிர் லேசாகப் புளித்திருந்தது, அதுமட்டும் தெரிந்தது.

திங்கட்கிழமை வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் வந்து கோட்டைப் பார்த்தார். நேராக வந்த கோடு வெள்ளிக்கிழமை மதியம் முப்பத்தொன்றுக்கு ஏறி இறங்கியிருந்தது. அந்தத் துண்டுகளின் சோதனை எதுவும் செல்லாது, புதிதாகச் செய்யுங்கள், அதுவரை சரக்கு நகரக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மக்பூல் அகமது சூரியபிரகாஷைப் பார்த்தார். சூரியபிரகாஷ் லேப்டாப்பைப் பார்த்தார்.

"சிஸ்டம் கரெக்டாதான் வேலை செஞ்சிருக்கு சார். ரூம்ல அசைவு கம்மி."

"அத மாத்து."

"மாத்தலாம். டிரயல் ஃபெயில்னு சர்ட்டிபிகேட்ல வரும்."

டிரயல் வெற்றி என்று சூரியபிரகாஷ் கொடுத்த சர்ட்டிபிகேட் ஏற்கெனவே சட்டம் போட்டு ரிசப்ஷனில் மாட்டியாகிவிட்டது. கீழ்த்தளத்தில் அதற்கென்று தனி விளக்கும் எரிந்தது. அரைமணி நேரம் இருவரும் பேசினார்கள். பிறகு ஆபீஸ் டோரதி மேடம் ஒரு கடிதம் அடித்துக்கொண்டு வந்தார். எலியாஸ் தொடர்ந்து பணியில் இருப்பார். பதவி, "அசைவு உதவியாளர்". மனிதனும் இயந்திரமும் கைகோத்துச் செயல்படும் முதல் கட்டடம் இந்த வட்டாரத்திலேயே இதுதான் என்று சூரியபிரகாஷ் தன் அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் எப்சி டியூட்டி முடிந்து வந்ததும் வாசலிலேயே கேட்டாள்.

"இருக்குதா, போச்சா?"

"இருக்குது."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இன்னா வேல?"

"வெள்ளிக்கெழம மத்தியானம் லேப்ல ஒக்காந்து கை ஆட்டணும்."

எப்சி அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு கையா, ரெண்டு கையா?"

எலியாஸ் கடிதத்தை எடுத்து முன்னும் பின்னும் படித்தார்.

"அது போடல" என்றார். "நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்."