அண்ணன் முன்னால் நடக்க வேண்டும்

ஜப்பானில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். பெற்றதே ஒன்றோ இரண்டோ, அதுவும் தூரத்து நகரத்தில் வேலைக்குப் போய்விடுகிறதாம். அதனால் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் இருக்கிற என்னைக் கூப்பிடுகிறார்கள். எங்கள் வீதியிலும் பாதி வீடுகளில் வயதானவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் துபாயிலும் கனடாவிலும்.

"அப்ப இங்க இருக்கறவீங்களைப் பார்க்கறக்கு சப்பான்காரன் வருவானுங்களா?" என்று பால் ஊற்றுகிற நல்லமுத்து கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் செல்வப்பிரியா. வயது முப்பத்திரண்டு, நர்ஸிங் படித்தவள். அம்மா கமலாத்தாளுக்குப் பக்கவாதம் வந்தபோது, "ஒரு ரெண்டு மாசம் நீ பார்த்துக்க அம்மிணி, அப்பறம் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான் அண்ணன் பூபதிராஜா. கோயமுத்தூரில் அவனுக்கும் அண்ணிக்கும் வேலை. நான் பாலக்காட்டு ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வந்தேன். அண்ணனுடைய ரெண்டு மாசம் இப்போது நான்காவது வருஷமாக நடக்கிறது. எனக்கு மாப்பிள்ளை பார்த்தவர்களும் ஓய்ந்துவிட்டார்கள்.

அம்மா தூங்குகிற மத்தியானங்களில் செல்போனில் ஜப்பானிய மொழி படித்தேன். பரீட்சையும் பாஸானேன். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டிலேயே இத்தனை வருஷம் அம்மாவைப் பார்த்துக்கொண்டதுதான் என் பெரிய தகுதி என்றார்கள். எது என்னைக் கட்டிப் போட்டதோ அதற்கே மார்க் போட்டார்கள்.

அந்த வேலைக்கான பாடத்தில் ஒன்று சொல்லித்தந்தார்கள். வயதானவரால் முடிகிற வேலையை நாம் செய்து கொடுக்கக் கூடாது. தூக்கி நிறுத்தாதே, எழ வை. நான் அதை அம்மாவிடம் பழகிப் பார்த்தேன். "இச்சி, நி, சான்" என்றால் ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் முன்னால் குனிந்து எழ வேண்டும்.

"என்னடி இது, மாட்டை ஓட்டற மாதர" என்று முதலில் திட்டினாள். பிறகு அவளே எண்ண ஆரம்பித்தாள். போன மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து அடுக்களை வரை தனியாக நடந்துவிட்டாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். பாதி அழுகை அவளுக்காக, பாதி எனக்காக.

உடனே அண்ணனுக்கு போன் போட்டேன்.

"தானா பாத்ரூம் போய்ட்டு வந்தாங்கன்னா போதும், கூட்டிட்டுப் போறேன்" என்றான். "பகல்ல ஊட்ல ஆளிருக்காது. வெளியே பூட்டிட்டுத்தான் போவோம். ஹால்ல கேமரா இருக்குது, போன்ல பார்த்துக்கலாம். ஞாயித்துக்கெழமை வர்றேன், நடக்கட்டும் பார்ப்போம்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய விருப்பத்தை நான் கேட்கவில்லை. விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் நான் அங்கே இருக்க வேண்டும். என் தலைக்குள் அது ஒன்றுதான் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அம்மாவின் கட்டிலருகே போனேன்.

"அம்மா, அண்ணனுக்கு நடந்து காட்டுங்க. இச்சி... நி... சான்."

அம்மா அசையவில்லை.

"இச்சி, நி, சான்!" என் குரல் உயர்ந்தது.

"முடியலீங் கண்ணு" என்றாள் அண்ணனைப் பார்த்து. "காலு மரத்துக் கெடக்குது."

"நேத்துக்கூட நடந்தீங்களேம்மா!"

அம்மா என் பக்கமே திரும்பவில்லை. அண்ணன் எழுந்துவிட்டான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் வருத்தத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது.

"பாவம், உடு பிரியா. இன்னொரு வருசம் போகட்டும். சப்பான் எங்கயும் ஓடிப் போயிராது."

காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினான். அவன் காருக்குப் பின்னால் கேட்டைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. அப்போதுதான் பால் தீய்கிற வாசனை வந்தது. ஓடினேன்.

அடுக்களையில் அடுப்பு அணைந்திருந்தது. மேடையெல்லாம் பால். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள்.

"பொங்கி ஊத்திப்போச்சு அம்மிணி. அணைச்சுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டேன். கார் சித்தூர் ரோட்டைக்கூடத் தாண்டியிருக்காது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"கூப்புடு" என்றாள் அம்மா. "வந்து பார்க்கட்டும். கூட்டிட்டுப் போயிப் பூட்டட்டும். பொழுதுக்கும் அந்த ஊட்டுக்குள்ள நான் ஒருத்தி. கீழ உழுந்தாலும் அவன் போன்ல பார்த்துட்டு இருப்பான்."

"அப்ப என்னைப் பூட்டி வெச்சிருக்கறது பரவால்லீங்களா?"

அம்மா நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "பரவால்லைன்னு ஆரு சொன்னா" என்றாள். "எனக்கு வேற வழி தெரீல சாமி."

"என்ன பிரியா, ஏதாச்சும் மறந்துட்டனா?" போனில் அண்ணன் குரல்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா நிற்பதை வீடியோவில் காட்டினாலே போதும். அடுத்த மாதம் நான் ஜப்பானில் யாரோ ஒரு அம்மாவை எழுப்பி நடக்க வைத்துக்கொண்டிருப்பேன். அந்த அம்மாவின் பிள்ளைகளும் எங்கோ உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. பார்த்துப் போங்க."

போனை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்து அம்மாவுக்குப் பின்னால் போட்டேன். அவள் உட்காரவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உட்காருவதற்கும் எண்ண வேண்டும் என்று பழக்கியது நான்தான்.

"இச்சி" என்றேன். "நி."

மூன்றாவதை அவளே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள்.