கிளிப் மாட்டிய இடம்

அவள் பார்சலைப் பிரித்ததும் அவள் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளங்கை அளவுக்கு ஒரு பச்சைப் பலகை, அதைவிடச் சின்னதாக ஒரு திரை, அப்புறம் பொட்டலம் பொட்டலமாகப் பொடிச் சாமான்கள். அவ்வளவுதான்.

"இதுக்கா ரெண்டு வாரமா வாசலையே பாத்துக்கிட்டிருந்த? என்ன இது?"

"ஸ்கோப்பு. நானே கோத்துக்கணும்."

"கோத்து என்ன பண்ணப் போற?"

"எங்க மாமாவப் பழி வாங்கப் போறேன்."

"இத்துனூண்டு திரைய வச்சா?"

"பெருசு அவர்கிட்ட இருக்கே. அது போதும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வேன் ஓட்டுகிற மனிதர், நாலு தெரு சரக்கு இறக்கிவிட்டு வந்த அலுப்பு வேறு. சாப்பாட்டு மேஜையில் பற்றவைக்கிற ஈயத்தைச் சிந்தாதே என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஸ்கோப் என்றால் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. கம்பிக்குள் மின்சாரம் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. அக்கா வீட்டுக்காரரின் ரிப்பேர் கடையில் முன்பு பெரிதாக ஒன்று இருந்தது. கடையில் அதை ஒழுங்காகத் தொடத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். அந்த மாமாதான் முதலாளி. காலையில் அதைத் துணியால் துடைப்பார், வாடிக்கைக்காரர் வந்தால் அதன்மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு பேசுவார். அதற்கு மேல் அவருக்கும் அதற்கும் பழக்கம் கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அவள் பக்கத்துத் தெருவுக்கு ஏதோ சாமான் வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தால் கடை முழுக்கப் புகை. ஸ்கோப் செத்துக் கிடக்கிறது. அவள் மேஜைமேல் அவள் பார்த்துக்கொண்டிருந்த போர்டு. அதன் அலுமினியத் தகட்டில் ஸ்கோப் கம்பியின் நுனிக் கிளிப் உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"மாட்டி வச்சிட்டு ஊர் சுத்தப் போயிட்டியா? உங்க அப்பன் வீட்டுச் சொத்துன்னு நெனச்சியா?" என்று மாமா தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

கம்பியைச் சுருட்டி டிராயரில் வைத்துவிட்டுத்தான் போனேன் என்று அவள் தொண்டை வற்றச் சொன்னாள். யார் கேட்டார்கள்? இரண்டு மெக்கானிக்குகளும் சாப்பிடப் போயிருந்தார்களாம். கல்லாவில் உட்காருகிற அக்கா, "நான் மாடில துணி மடிச்சிட்டிருந்தேன், எனக்கென்னடி தெரியும்?" என்று தரையைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் இவள் வெளியே. மறுநாளே தெருவில் 'புகை' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வேலை கேட்டு எந்தக் கடைப் படி ஏறினாலும், "வேணாம் தாயி, எங்க கடையாவது உருப்படியா இருக்கட்டும்" என்று ஒரு சிரிப்பு. பத்து வருஷம் சம்பாதித்த பேர் அரை மணி நேரத்தில் நாசமாய்ப் போனது. அன்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்து மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தத் தகட்டில் கிளிப் மாட்டக் கூடாது என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. போர்டின் ஒரு பாதி, அந்தத் தகடு உட்பட, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். பெரிய ஸ்கோப்பின் கிளிப்போ மூன்றுமுனை பிளக் வழியாகப் பூமியோடு சேர்ந்தது. இரண்டையும் ஒட்டவைத்தால் வெடிதான். பேட்டரியில் ஓடும் ஸ்கோப்புக்கு அந்த வில்லங்கம் இல்லை. அதற்குப் பூமியோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதெல்லாம் தெரிந்த அவள் அங்கே மாட்டியிருப்பாளா? யாரும் இல்லாத நேரத்தில் முதலாளிக்கு வேலை தெரியும் என்று தனக்குத்தானே காட்டிக்கொள்ள மாமாதான் மாட்டியிருக்கிறார். சாட்சி இல்லை, அவ்வளவுதான்.

முதல் இரண்டு வருஷம் அழுது தீர்த்தாள். மூன்றாவது வருஷம் ஒரு நாள் யாருடைய மிக்சியையோ கழற்றிக்கொண்டிருக்கும்போது சுரீர் என்று ஒன்று உறைத்தது. பழியைத் தூக்கி இவள் தலையில் போட்டுவிட்டதால், அது ஏன் வெடித்தது என்று யோசிக்கிற வேலையே அந்த மனிதருக்கு மிச்சமாகிவிட்டது. பழைய மெஷின், ஆயுசு முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். புதிதாக ஒன்று வாங்கியும் வைத்துவிட்டார். அப்படியானால் இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. தெரியாதவர் மறுபடியும் அதையே செய்வார். நாலு பேர் பார்க்கச் செய்ய வைக்க வேண்டும். கையில் ஒரு சின்ன ஸ்கோப் இருந்தால் போதும்.

மூன்று மத்தியானம் உட்கார்ந்து கோத்தாள். ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்து, பழைய காலண்டர் தாளில் குத்திவைத்து, பிறகு பலகையில் ஏற்றினாள். மூன்று வோல்ட்டும் சொச்சமும் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பலகையில் ஒரு சின்ன இடைவெளியை ஈயத்தால் மூட வேண்டும் என்று கூடவந்த தாளில் போட்டிருந்தது. அவசரக்குடுக்கைகள் அதைப் படிக்காமல் மூடிப் பலகையைக் கொன்றுவிடுவார்கள். அவள் இரண்டு தடவை அளந்தாள். கோபம் இருக்கிறது என்பதற்காக வேலையில் அவசரப்பட அவள் என்ன மாமாவா?

திரையில் வெளிச்சம் வந்தது. பலகையே தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் சதுர அலை திரையில் ஓடியது, ஆனால் மூலைகள் மழுங்கியிருந்தன. சின்னத் திருப்புளியால் குட்டித் திருகு ஒன்றை மயிரிழை திருப்பினாள். மூலை கொம்பு முளைத்து நின்றது. அரை மயிரிழை பின்னால். கத்தியால் வெட்டியதுபோல் நேராக உட்கார்ந்தது. பெரிய வோல்டேஜை உள்ளே விடாமல் குறைத்து அனுப்ப வெளியே ஒரு ரெசிஸ்டர் வரிசை சேர்த்தாள். மொத்தத்தையும் பேட்டரியோடு ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவுக்குள் அடக்கி, மூடியில் திரைக்கு ஜன்னல் வெட்டினாள்.

"சரி, டப்பா ரெடி. மாமா எப்போ கெடைப்பாரு?" என்றார் வீட்டுக்காரர்.

"கெடைப்பாரு. அவரு வாய் சும்மா இருக்காது."

ஒரு மாதம்கூட ஆகவில்லை. அச்சகத்துக்குப் பேப்பர் இறக்கப் போன வீட்டுக்காரர் செய்தியோடு வந்தார். அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மெஷின் படுத்துவிட்டதாம். அதன் பவர் போர்டு மாமா கடையில் இருக்கிறதாம். செத்துப்போச்சு, புதுசு வர ரெண்டு மாசம் ஆகும் என்று மாமா கைவிரித்துவிட்டாராம். அச்சகக்காரர் வாயில் வராத வசவு இல்லையாம்.

அவள் அப்போதே செருப்பை மாட்டினாள். அச்சகக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "போர்ட வெளிய எடுத்துட்டு வர வேணாம் சார். அந்தக் கடையிலயே வச்சுப் பாக்கறேன். நீங்க பக்கத்துல நிக்கணும், அவ்வளவுதான்."

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கடைக்குள் நுழைந்தபோது மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் அச்சகக்காரர் பெரிய வாடிக்கை. அவர் எதிரில் விரட்ட முடியாது. கல்லாவில் அக்கா. நெட்டை மெக்கானிக்கும் குள்ள மெக்கானிக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். நாலு வருஷத்துக்கு முன்பு இவளைப் பார்த்துச் சிரித்த அதே பற்கள்.

"என்னம்மா, சாப்பாடு கொண்டாந்திருக்கியா?" என்றார் மாமா டப்பாவைப் பார்த்து. இருவரும் கெக்கெக்கே என்றார்கள்.

அவள் போர்டுக்கு மின்சாரம் கொடுத்து, டப்பாவின் கிளிப்பை வேண்டுமென்றே அதன் அலுமினியத் தகட்டில் மாட்டினாள். மாமாவுக்கு நன்றாகத் தெரியும்படி உடம்பை விலக்கிக்கொண்டாள். அச்சகக்காரர் குனிந்ததும், "சார், டப்பாவத் தொடாதீங்க, இப்ப அதுவும் கரண்ட்டுதான்" என்று எச்சரித்தாள். எச்சரிக்கத் தெரியாதவள் அல்ல அவள். யாரை எச்சரிப்பது என்பது அவள் இஷ்டம்.

திரையில் கோடு எழும்பியது, துடித்தது, படுத்தது. மறுபடி எழும்பியது, படுத்தது.

"போர்டு சாகல சார். கிளம்பப் பாக்குது, முடியல. கிளப்பிவிடற குட்டிக் கெப்பாசிட்டர் ஒண்ணு காஞ்சு போயிருக்கு. மாத்தினா அஞ்சு நிமிஷ வேலை."

"அப்போ ரெண்டு மாசம்னீங்களே!" என்று அச்சகக்காரர் மாமாவின் பக்கம் திரும்பினார்.

மாமாவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "சார், இது வெளையாட்டுச் சாமான். இது காட்டறத நம்பி மெஷின ஓட்டுவீங்களா? என்கிட்ட அசலே இருக்கு. ரெண்டையும் பாருங்க, அப்புறம் பேசுங்க." புதிய ஸ்கோப்பைத் தள்ளுவண்டியோடு உருட்டிக்கொண்டு வந்தார். பிளக்கைச் சொருகினார். திரை பளபளவென்று விரிந்தது. இவள் கிளிப்பை அதன் ரப்பர் பிடியைப் பிடித்துப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் கிளிப்பைக் கையில் எடுத்தார்.

வா ராசா, வா, என்றது அவள் மனசு. இந்த நொடியைத்தான் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பாத்திரம் கழுவும்போதும் துணி துவைக்கும்போதும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிறுத்திவிடலாம். தொழில் தெரிந்தவள் சொல்லத்தான் வேண்டும். சொல்ல மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வெடிக்கட்டும். எல்லார் மூக்கிலும் அந்த நாற்றம் ஏறட்டும்.

கிளிப் தகட்டை நெருங்கியது. நாலு விரல் இடைவெளி. மூன்று.

"ஐயோ, அங்க வேணாங்க!"

அக்கா. கல்லாவை விட்டு எழுந்து, நாற்காலி பின்னால் விழ, ஓடி வந்திருந்தாள்.

"அன்னிக்கும் இதே மாதிரித் தகட்டுலதான மாட்டுனீங்க! டப்புனு போச்சே! இதுவும் போயிடுமேங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அக்காவுக்கே தெரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நெட்டை குள்ளனைப் பார்த்தான். குள்ளன் மாமாவைப் பார்த்தான்.

"நீ... நீ என்னத்தக் கண்ட? உளறாத!" என்றார் மாமா. கிளிப் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது.

அக்காவுக்கு அன்றே தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் நாலு வருஷக் கோபம் அவளை அதோடு நிற்க விடவில்லை.

"அக்கா உளறுறா மாமா. அவளுக்கென்ன தெரியும்? அன்னிக்கு மாடியில துணில்ல மடிச்சிட்டிருந்தா!" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நீங்க மாட்டுங்க. தப்பு உங்க மேல இல்லன்னா தைரியமா மாட்டுங்க. எல்லாரும் பாக்கறோம்."

மாட்டினால் மெஷின் போகும். மாட்டாவிட்டால் மானம் போகும். வியர்வை அவர் மூக்கு நுனியில் வந்து நின்றது. அந்த வியர்வையை அவள் ஆசை தீரப் பார்த்தாள். கடைசியில் அவர் கிளிப்பை மெதுவாக, சத்தம் வராமல், மேஜை ஓரத்தில் வைத்தார்.

"அடப்பாவி மனுஷா" என்றான் நெட்டை, முதலாளி என்றும் பாராமல்.

இனித்தது. பொய் சொல்வானேன், அவளுக்கு அடிவயிறு வரை இனித்தது. கெப்பாசிட்டரை மாற்றி, கோடு படுக்காமல் ஓடுவதை அச்சகக்காரருக்குக் காட்டி, போர்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். இனி எந்த வேலையானாலும் உன்கிட்டதான் என்றார் அவர். மாமா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டப்பாவை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது அக்கா பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள். கண் இரண்டும் குளமாக இருந்தது.

"நான் என்னடி பண்ணுவேன்? கட்டின புருஷன விட்டுக்குடுக்க முடியுமா?"

"இப்ப விட்டுக்குடுத்தியே."

"அது... புது மெஷினுடி. போயிடுமேன்னு பதறிட்டேன்."

"ஆமா. மெஷினுக்குப் பதறுச்சு உனக்கு."

அக்கா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எப்படியோ உண்மை வெளிய வந்துடுச்சுல்ல? இனியாவது அவர்மேல இருக்கற கோவத்த விடுடி" என்றாள்.

"விட்டுட்டேன்க்கா. சத்தியமா மாமா மேல இப்ப எனக்குக் கோவமே இல்ல."

அக்காவின் முகம் மலர்ந்தது. பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கினாள்.

"அவரு எனக்கு யாரோ" என்று அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டாள். "நீ என் கூடப் பொறந்தவ. நாலு வருஷமா தெரிஞ்சிருந்தும் எங்க வீட்டுக்கு வந்து, என் கையால காப்பி வாங்கிக் குடிச்சிட்டுப் போயிருக்க. இனி வராத."

அச்சகக்காரரின் வண்டி தெருமுனையில் காத்திருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் போய் ஏறிக்கொண்டாள்.