நீராவியில் சொன்னது

மார்கெட்டா மேடையேறி மைக்கைத் தட்டியபோது, இர்யா சமையலறையில் ஏலக்காய் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள்.

அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் அந்த ஊரின் பின்லாந்து நட்புறவுச் சங்கத்தில், மாதக் கடைசி ஞாயிறு என்றால் யாராவது ஒருவர் பேசுவார். பிறகு காபி. உண்மையைச் சொன்னால் கூட்டம் வருவதே காபிக்குத்தான். போன மாதம் சங்கத் தலைவர் ஓஸ்மோ கொசுக்களைப் பற்றிப் பேசிப் பாதிப் பேரைத் தூங்க வைத்துவிட்டார். இன்றைக்கோ சுவரோரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். மார்கெட்டா பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவள். பேச்சுக்குச் சொல்லியா தர வேண்டும்?

தலைப்பு, போர்க்காலக் குழந்தைகள். இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் பின்லாந்துப் பிள்ளைகளின் கழுத்தில் பெயர் அட்டையைக் கட்டி, ரயிலேற்றி ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள். இர்யாவின் அம்மா ஹெல்வியும் அப்படிப் போனவள்தான். சிறு குழந்தையாகப் போய்த் திரும்பி வந்தபோது, பெற்ற தாயின் மொழி அவளுக்கு மறந்து போயிருந்தது. இந்த ஊரில் அந்த ரயிலில் போய் வந்தவள் ஹெல்வி ஒருத்திதான். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்றும் இருந்தது.

"நம்ம ஊர்லயே ஒரு அம்மா இருந்தாங்க. பேர் வேண்டாம்" என்று மார்கெட்டா குரலைத் தாழ்த்தினாள்.

இர்யாவின் கத்தி ரொட்டியில் பாதியில் நின்றது.

"கடைசிக் காலத்துல அவங்களுக்கு ஸ்வீடிஷைத் தவிர எல்லாம் மறந்துபோச்சு. பக்கத்துலயே இருந்து பார்த்த மக யாருன்னு தெரியல. அவ பேரை ஒரு தடவைகூடச் சொல்லல. ஸ்வீடன்ல வளர்த்த அம்மாவைத்தான் தேடினாங்க. அந்த மக என்ன பண்ணா தெரியுமா? 'அம்மா வந்துட்டேன்டா கண்ணு'ன்னு ஸ்வீடிஷ்ல சொல்லி, அந்த ஸ்வீடன் அம்மா மாதிரியே நடிச்சா. பெத்த தாயைத் தாலாட்டித் தூங்க வச்சா. அந்தத் தூக்கத்துலேயே உயிர் போச்சு."

மண்டபத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

இர்யா அதை ஒரே ஒருத்தியிடம் சொல்லியிருந்தாள். அம்மாவின் அடக்கம் முடிந்த வாரம், தன் வீட்டுக் கொல்லையில் இருக்கும் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில். சனிக்கிழமைதோறும் மார்கெட்டா அங்கே வருவாள். இருவரும் மரப்பலகையில் உட்கார்ந்து, அடுப்பில் காய்ந்த கற்களில் தண்ணீர் ஊற்றி, நீராவியில் வியர்த்துக் கிடப்பார்கள். பேச்சு கிடையாது. மணிக்கணக்கில் பேசாமல் உட்கார முடிகிறவளைத்தான் பின்லாந்து ஜனங்கள் சிநேகிதி என்பார்கள். அன்றைக்கு இர்யா வாய்விட்டு அழுது சொன்னாள், என் பேரை ஒரு தடவைகூடச் சொல்லலடி என்று. மார்கெட்டா பதில் சொல்லாமல் இன்னும் ஒரு அகப்பைத் தண்ணீரைக் கல்லில் ஊற்றினாள். அது போதுமானதாக இருந்தது. சவுனாவில் கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும்.

கைதட்டல் ஓய்ந்ததும் கூட்டம் காபிக்கு வந்தது. ஆனால் யாரும் கோப்பையை எடுக்கவில்லை. எல்லோரும் இர்யாவைப் பார்த்தார்கள். மனைவி செத்தபோதுகூட யாரையும் தொடாத ஓஸ்மோ, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்து, மரத்தைக் கட்டிப் பிடிப்பதுபோல அவளைக் கட்டிப் பிடித்தார்.

"இர்யாம்மா... நீ தெய்வம்மா."

"காபி ஆறுது ஓஸ்மோ" என்றாள் இர்யா.

மார்கெட்டா முகமெல்லாம் சிவந்து, பூங்கொத்தோடு சமையலறைக்குள் வந்தாள்.

"பார்த்தியாடி? அழாத ஆளே இல்ல! அடுத்த மாசம் பக்கத்து ஊர்ச் சங்கத்துலயும் வந்து பேசணுமாம்."

"போய்ப் பேசு."

"என்ன இப்படிச் சொல்ற? நான் பேரே சொல்லலையே!"

"ரயில்ல போனவங்க இங்க எத்தனை பேருடி?"

மார்கெட்டா பூங்கொத்தின் காகிதத்தைக் கசக்கினாள். "உன்னைப் பெருமையாத்தானே சொன்னேன்? இப்பப் பாரு, ஊரே உன்னைக் கொண்டாடுது."

"எங்கம்மா என்னைத் தேடலைங்கறது ஊருக்கு எதுக்கு?"

"கதை அங்கதான இருக்கு" என்று சொன்ன பிறகுதான் மார்கெட்டா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இர்யா மீதி ரொட்டியையும் அறுத்தாள். ஒரே அளவில், சீராக. தட்டை மார்கெட்டாவின் கையில் கொடுத்து, "கொண்டுபோய் வை" என்றாள்.

சனிக்கிழமை வந்தது. இர்யா வழக்கம்போல் சவுனா அடுப்பை மூட்டினாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தாள். ஆனால் மார்கெட்டா வந்தாள், உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலைக் கட்டோடு. பழைய இடத்தில் உட்கார்ந்தாள். கல்லில் தண்ணீர் சீறியது. மௌனம். மார்கெட்டாவின் தோள் மெல்லத் தளர்ந்தது. இர்யா மன்னித்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள்.

அப்போது இர்யா பேச ஆரம்பித்தாள்.

"இந்த வாரம் குளிர் ஜாஸ்தி இல்ல? ரோடெல்லாம் வழுக்குமே."

மார்கெட்டா திரும்பிப் பார்த்தாள். "ம்..."

"கார் சரியா ஓடுதா? டயர் மாத்தியாச்சா? பேரப்பசங்க எல்லாம் சௌக்கியமா? கடையில வெண்ணெய் விலை ஏறிடுச்சாமே?"

தபால்காரரிடம் பேசுகிற குரல். பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற குரல்.

"இர்யா... ஏன்டி இப்படிப் பேசற?" மார்கெட்டா இலைக் கட்டைக் கீழே வைத்தாள். "திட்டுடி. இல்லேன்னா சும்மா இரு. எப்பவும் போலச் சும்மா இரேன்."

இர்யா அகப்பையை எடுத்து, விருந்தாளிக்குச் சூடு போதுமா என்று பார்ப்பவள்போல் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"அடுத்த வாரம் பனி கொட்டுமாம்" என்றாள்.