புது விளக்கு மாட்டிய பதினோரு நாள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா வீட்டில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. நாலடி நீளம். அதைத் தாங்கும் அலமாரியின் கதவைத் திறந்தால் உள்பக்கத்தில் பென்சிலால் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். மேல்பாறை 150, கீழ்மணல் 90. மூன்று வருடங்களுக்கு முன்பு தொட்டிக்கு முதல் விளக்கு மாட்டியவர், தண்ணீருக்குள் எவ்வளவு வெளிச்சம் இறங்குகிறது என்று மீட்டர் வைத்து அளந்து எழுதியவை. அந்த எண்களைப் பார்த்தபோதுதான் இதை எழுதத் தோன்றியது.

(இது முழு உண்மை இல்லை. நாலாவது பகுதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பவளங்களுக்குக் கண் கிடையாது. ஆனாலும் வெளிச்சத்தை அவை எப்படியோ"

பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன். அடுத்தது:

"அவள் ஓட்டும் வண்டியில் தினமும் பதினான்கு பிள்ளைகள்"

இதையும் விட்டுவிட்டேன். பிள்ளைகளை முதல் வரியிலேயே கொண்டுவந்தால் நீங்கள் பதறிப்போவீர்கள். பதற வேண்டியதுதான். ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் பதறவில்லை. ஒரு விளக்கை மாற்றலாமா வேண்டாமா என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். எனவே நானும் விளக்கிலிருந்தே வருகிறேன்.

2

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பள்ளி வேன் ஓட்டுகிறாள். பதினேழு வருடமாக ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவள். அந்தப் பெருமையை வாயால் சொல்ல மாட்டாள். வண்டியைத் துடைக்கிற விதத்தில் தெரியும். காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவில் கிடைக்கும் நேரமெல்லாம் அந்தத் தொட்டிக்குத்தான். இரண்டு கோமாளி மீன், ஒரு நத்தைப் படை, ஒன்பது பவளம். ஒவ்வொன்றையும் சுண்டுவிரல் அளவில் வாங்கி வளர்த்தவள்.

அவள் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், லிஃப்ட் மெக்கானிக். கம்பி வடத்தில் ஒரு இழை அறுந்திருந்தால் போதும், லிஃப்டை நிறுத்திப் பலகை மாட்டிவிடுவார். எட்டாவது மாடிக்காரர்கள் என்ன கத்தினாலும் காதில் வாங்க மாட்டார்.

(இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். இப்படிப்பட்ட மனிதர் பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்களா? கதைக்காக அவரைக் கொஞ்சம் கோழையாக்கிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவர் கோழை இல்லை.)

ஒரு வியாழக்கிழமை பகலில் அக்கா தொட்டி முன்னால் குனிந்து நின்றுகொண்டு சொன்னாள்:

"இந்த லைட் செத்துடுச்சுங்க. பின்னாடி பாறையே தெரியல."

"எனக்குத் தெரியுதே."

"உங்களுக்கு எல்லாம் தெரியும். இந்தப் பச்சைப் பவளத்தைப் பாருங்க, சாம்பல் பூசின மாதிரி இருக்கு."

மாமா வந்து பார்த்தார். பவளம் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் தொட்டி அவளுடையது. அவளுக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டார்.

"சரி, பவர் அதிகமா ஒண்ணு வாங்கிடலாம்" என்றார்.

3

சனிக்கிழமை மதியம் கடைக்காரர் புது விளக்கோடு வந்தார். கடல் உப்பு மூட்டைகளைத் தோளில் சுமந்து வந்து போடுபவர் என்பதால் அந்த வீட்டில் அவருக்கு உப்பண்ணன் என்று பெயர். மூன்று வருடத்துக்கு முன்பு பென்சிலால் எழுதியவரும் அவர்தான்.

அக்கா அப்போது வேனுக்கு டீசல் போடப் போயிருந்தாள். பழைய விளக்கைக் கழற்றுவதற்கு முன்னால் உப்பண்ணன் பழக்க தோஷத்தில் மீட்டரைத் தண்ணீருக்குள் விட்டார். மேல்பாறையில் 144. மணலில் 86. அலமாரிக் கதவைத் திறந்து பழைய எண்களைப் பார்த்தார்.

"சார், பழசு நல்லாத்தானே இருக்கு. மூணு வருஷத்துல பெருசா ஒண்ணும் கொறையல. இந்த வித்தியாசத்தை மனுஷக் கண்ணால கண்டுபிடிக்கவே முடியாது."

"அவளுக்கு மங்கலா தெரியுதாம்."

உப்பண்ணன் மீட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்போ லைட்டைப் பாக்காதீங்க. கண்ணைப் பாருங்க."

மாமா சிரித்தார். அவர் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துத்தான் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. போன மாதம் அக்கா மேசை ஓரத்தில் இடித்துக்கொண்ட முழங்கை ஞாபகம் வந்தது. தண்ணீரைச் சோதிக்கிற குப்பியில் ரோஜா நிறத்துக்கும் ஊதாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் அவள் ஜன்னலோரம் போய் நின்றது ஞாபகம் வந்தது.

(நான் அங்கே இல்லை. மாமா என்னிடம் இதை மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் சிரிப்பு வேறு வேறு இடத்தில் நின்றது. எனக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தியிருக்கிறேன்.)

அக்கா திரும்பி வந்தபோது புது விளக்கு மாட்டியாகிவிட்டது. உப்பண்ணன் அதை முப்பது சதவீதத்தில் வைத்திருந்தார்.

"அக்கா, கவனமாக் கேளுங்க. வாரத்துக்கு அஞ்சு சதவீதம்தான் ஏத்தணும். இது ரொம்ப உக்கிரமான லைட். ஒரேயடியா ஏத்தினா பவளம் தாங்காது. உடம்புல இருக்கிற பாசியைத் துப்பிட்டு வெளுத்துப் போயிடும்."

அக்கா தொட்டியைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"இதுவா புது லைட்? பழசே தேவலாம் போலிருக்கே."

சாயங்காலத்துக்குள் போனில் இருக்கும் விளக்கு ஆப்பைத் திறந்து அதை எண்பதுக்கு ஏற்றிவிட்டாள்.

4

திங்கட்கிழமை மதியம் மாமா எனக்குப் போன் செய்தார். லிஃப்ட் மோட்டார் அறையிலிருந்து பேசினார். பின்னால் மோட்டார் சுற்றும் சத்தம். கதை உண்மையில் இங்கேதான் பிறந்தது. பென்சில் எண்கள் என்று சொன்னதெல்லாம் இதைத் தள்ளிப்போடத்தான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மாமா கேட்டார்:

"நான் இன்னிக்கே சொல்லிடலாம்னு பாக்கறேன். நீ என்ன சொல்ற?"

இந்த இடத்தில் என் பதிலை ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் அழுகிறேன். ஒன்றில் "உடனே சொல்லுங்க" என்கிறேன். அது நன்றாக இருந்தது, படிக்கவும் நிம்மதியாக இருந்தது. ஆனால் நான் சொன்னது இதுதான்:

"இப்ப சொல்லாதீங்க மாமா."

"பிள்ளைங்க இருக்காங்கம்மா வண்டியில."

"தெரியும். ஒரு மீட்டரை வெச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது. சொன்ன நிமிஷமே வண்டியை நிறுத்திடுவா. அப்புறம் கண்ணுல ஒண்ணுமே இல்லன்னு ஆச்சுன்னா? பதினேழு வருஷம் மாமா. படிக்கிற கண்ணாடி மாத்தணும்னு சொல்லி நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். ரெண்டு நாள் டைம் குடுங்க."

"நீ சொன்னா சரி" என்றார் மாமா.

அவர் கோழை இல்லை என்று சொன்னேன் அல்லவா. அவர் என்னை நம்பினார். அவ்வளவுதான்.

5

இரண்டு நாள் நாலு நாளாயிற்று. டாக்டரிடம் நாள் கிடைக்கவில்லை என்றேன். முதல் தடவை அது உண்மை.

அந்த வீட்டில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். அக்கா காலையில் வேன் எடுத்துக்கொண்டு கிளம்பியதும் மாமா விளக்கை முப்பதுக்கு இறக்குவார். அக்கா வந்ததும் எண்பதுக்கு ஏற்றுவாள். "இது தானா இறங்குதுங்க, மட்டமான சாமான்" என்பாள். மாமா "இருக்கும்" என்பார். நடுவில் மாட்டிக்கொண்டவை பவளங்கள். மூன்றாம் நாள் வாயைச் சுருக்கிக்கொண்டன. ஐந்தாம் நாள் பச்சைப் பவளத்தின் நுனி வெளுத்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அவள் அதே பவளத்துக்கு அரையடி தூரத்தில் நின்று, "இப்பதான் நல்லா இருக்கு" என்றாள்.

(அக்காவை வேறு தொழில்காரியாக மாற்றலாமா என்று பலமுறை யோசித்தேன். தையல்காரி என்றால் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுகிற காட்சி அழகாக வரும். ஆனால் தையல்காரிக்குப் பார்வை மங்கினால் ஒரு சட்டை கெடும், அதோடு சரி. நான் தப்பித்துவிடுவேன்.)

ஆறாம் நாள் வியாழக்கிழமை, கடைத்தெருவுக்குப் போக வேண்டும் என்று பொய் சொல்லி, காலை டிரிப்பில் அக்கா பக்கத்தில் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். அவள் ஓட்டுவதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பின்னால் பதினான்கு பிள்ளைகள். யாரோ ஒரு பாட்டைத் தொடங்க மற்றவர்கள் கத்தலாக முடித்தார்கள். அக்கா நிதானமாகத்தான் ஓட்டினாள். எனக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. பேக்கரி திருப்பத்தில் இடதுபக்கமிருந்து ஒரு சைக்கிள்காரர் வந்தார். சிவப்புச் சட்டை. வெகு தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தார். அக்கா இப்போது பிரேக் போடுவாள், இப்போது போடுவாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கால் தானாகத் தரையை அழுத்தியது.

வண்டி குலுங்கி நின்றது. சைக்கிளின் முன்சக்கரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கை அகலம். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து சிரித்தார்கள்.

"எங்கிருந்து வந்தான் இவன்?" என்றாள் அக்கா.

நான் "தெரியலக்கா" என்றேன். கடைத்தெருவில் இறங்கிக்கொண்டேன். வேன் போவதை நின்று பார்த்தேன். அன்றைக்கே மாமாவுக்குப் போன் செய்திருக்க வேண்டும்.

செய்யவில்லை. ஏன் என்று எழுத உட்கார்ந்த பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. அன்றைக்குச் சொல்லியிருந்தால், அதற்கு முந்தைய நாட்களில் ஏன் சொல்லவில்லை என்றும் சொல்ல வேண்டி வந்திருக்கும் என்று

இல்லை, அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம்.

6

பதினோராம் நாள் செவ்வாய். பவளங்கள் விரியவே இல்லை என்று அக்கா உப்பண்ணனைக் கூப்பிட்டிருந்தாள். மதியம் இரண்டு மணி. நானும் அங்கே இருந்தேன். மறுநாள் காலைக்கு டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டதைச் சொல்லத்தான் போயிருந்தேன். மாமாவும் சாப்பிட வந்திருந்தார்.

உப்பண்ணன் தொட்டியைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.

"என்னக்கா இது, இப்படி வெள்ளையா விட்டுட்டீங்க?"

"எது வெள்ளை?"

"எல்லாமே. இந்தப் பச்சை எலும்பு மாதிரி ஆயிடுச்சே."

அக்கா கண்ணாடியில் மூக்கு படும்படி நெருங்கினாள். வெகு நேரம் பார்த்தாள். உப்பண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல மனிதர், மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

"அன்னிக்கே சார்கிட்ட சொன்னேனேக்கா. பழைய லைட்ல ஒரு குறையும் இல்ல, அக்கா கண்ணைக் காட்டுங்கன்னு."

அக்கா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். மாமா கையில் தண்ணீர் டம்ளர்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"லைட் மாட்டின அன்னிலேர்ந்து."

அவள் கத்தவில்லை. போனை எடுத்துப் பள்ளிக்குப் பேசினாள். "சாயங்கால டிரிப்புக்கு வேற டிரைவரை அனுப்புங்க. இனிமே நான் ஓட்டல. காரணம் அப்புறம் வந்து சொல்றேன்" என்றாள். வேன் சாவியை மேசைமேல் வைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாள்.

"பதிமூணு டிரிப்" என்றாள். "பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு பதிமூணு டிரிப் போயிருக்கேன். நீங்க பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

மாமா டம்ளரை மேசைமேல் வைத்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமாடீ?"

"தெரியாதுக்கா."

மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

7

இரண்டு கண்ணிலும் அழுத்தம் என்றார் டாக்டர். இடது கண்ணில் ஓரப்பார்வையில் பாதிக்குமேல் போய்விட்டது. போனது போனதுதான், சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். அக்கா இப்போது அதே பள்ளி அலுவலகத்தில் எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று பிரித்துக்கொடுக்கிறாள். ஒன்பது பவளத்தில் நாலு செத்துவிட்டன. மாமாவோடு இரண்டு மாதம் மருந்து நேரம் தவிர வேறு பேச்சு இல்லை. இப்போது பேசுகிறாள். ஆனால் அவர் ஏதாவது சொன்னால், உண்மையா என்று ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள். பதினோரு நாள் மறைத்தவர் அவர் மட்டும்தான் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவரும் மாற்றிச் சொல்லவில்லை.

நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பது அக்காதான். இப்போது பொடி எழுத்து அவளுக்குச் சிரமம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானே படித்துக் காட்டுகிறேன். போன வாரம் இந்தக் கதையில் மூன்று பகுதி ஆயிற்று. உப்பண்ணன் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். அலமாரிக் கதவின் எண்களைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறாய் என்றாள். அடைப்புக்குறிக்குள் பூடகமாகச் சொன்னதை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. அடுத்து நாலாவது பகுதி.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் எல்லாவற்றையும் படித்துவிடுகிறேன். அவள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். ஒன்றில் நாலையும், ஐந்தில் பெரும்பகுதியையும், ஆறில் சில வரிகளையும், இந்த ஏழாம் பகுதியையும் விட்டுவிட்டு மற்றதைப் படிக்கிறேன். கதை நன்றாகவே நிற்கிறது. தாள்களை நான் தள்ளுவது அவள் ஓரப்பார்வைக்குத் தெரியாது. இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது. இன்னொன்றில், எல்லாவற்றையும் படித்துவிடட்டுமா என்று மாமாவிடம் கேட்கிறேன். அவரிடம் நிஜமாகவே கேட்டேன்.

"விடும்மா" என்றார். "எனக்குப் பழகிடுச்சு."

அந்தப் பதில் இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அந்தப் பகுதிகளைப் படிக்காமல் விட்டிருப்பேன்.

முடிவு என்னிடம் இல்லை. உங்கள் அக்காவாக இருந்தால் என்ன செய்வீர்களோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் சீக்கிரம். இன்று ஞாயிறு. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாகிவிட்டது. மாமா இன்னொரு அறையில் எதையோ தேடுவது போல் சத்தம் செய்துகொண்டிருக்கிறார். அக்கா கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இமைகளை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திப் பிடித்திருக்கிறாள். ஐந்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டும்.

"ம், படி" என்கிறாள், கண்ணைத் திறக்காமல்.