சகாயம் கரையேறினாரா?

எமரால்டு ஊருக்கு மேலே மலையில் உள்ள எஸ்டேட் சபையில் வெள்ளிக்கிழமை வேதபாடத்துக்கு ஆட்கள் வருவது வசனத்துக்காக மட்டுமல்ல, சில்வஸ்டரும் செலஸ்டினும் மோதிக்கொள்வதைக் கேட்கவும்தான். சில்வஸ்டர் பள்ளி ஆசிரியர், சபை மூப்பர். செலஸ்டின் அவருடைய தங்கை கணவர், எஸ்டேட் ஆபீசில் கிளார்க். இரட்சிக்கப்படுகிறவர்கள் யார் யார் என்று உலகம் உண்டாவதற்கு முன்பே தேவன் தீர்மானித்துவிட்டார் என்பது சில்வஸ்டரின் கட்சி. தேவன் எல்லோரையும் அழைக்கிறார், வருவதும் வராததும் மனிதன் விருப்பம் என்பது செலஸ்டினின் கட்சி. போதகர் ஊட்டியிலிருந்து எப்போதாவதுதான் வருவார். அதனால் தீர்ப்பு சொல்ல ஆளில்லாமல் வழக்கு வருடக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. தகரக் கூரைச் சத்தத்துக்கு மேல் இருவரும் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"நம்ம சகாயத்தையே எடுத்துக்குங்க மாப்ளே," என்றார் சில்வஸ்டர். தேயிலை பேக்டரியில் வேலை பார்த்த சகாயம், குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, போன மாதம்தான் இறந்திருந்தார். "அந்தாளு வீட்டுல எத்தனை தடவை ஜெபக்கூட்டம் நடந்திருக்கும்? ஒருக்காவாவது முழங்கால் போட்டிருக்கானா? ஏன்? அவன் தேவன் தெரிஞ்செடுத்தவன் இல்லை. இழுக்கப்படாதவன் எப்பிடி வருவான்?"

செலஸ்டின் மேசையைத் தட்டினார். "ஆண்டவர் மேல பழி போடாதீங்க மச்சான். அவர் கடைசி வரைக்கும் கூப்பிட்டாரு. இவன்தான் பாட்டில் போதும்னுட்டான். நரகத்தை அவனே தேடிக்கிட்டான்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னால் யாரும் சிரிக்கவில்லை. சில்வஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். வாசலில், நனைந்த பிளாஸ்டிக் தாளைத் தலையிலிருந்து எடுத்தபடி ராஜகுமாரி நின்றிருந்தாள். சகாயத்தின் மனைவி. அடக்கத்துக்குப் பிறகு அன்றுதான் சபைக்கு வந்திருந்தாள்.

"ஏனுங்கய்யா," என்றாள். "அவரு கரையேறலைங்கறதுல மட்டும் ரெண்டு பேருக்கும் சந்தேகமே இல்லீங்களா?"

"அது வந்துங்கம்மா... பொதுவாச் சொன்னது..." என்றார் சில்வஸ்டர். அவள் தாளை மறுபடி தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

கூட்டம் கலைந்தபின் மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே குடையில் நடந்தார்கள்.

"வாசப்பக்கம் பாத்துப் பேசியிருக்கலாமுங்க," என்றார் செலஸ்டின்.

அவள் வராமலிருந்தால் தான் சொன்னதில் எந்தத் தப்பும் தனக்குத் தெரிந்திருக்காது என்பதுதான் சில்வஸ்டரைச் சுட்டது. இன்னொன்றும் இருந்தது. சகாயம் ஊட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராஜகுமாரி போன் செய்திருந்தாள், ஒரு தடவை வந்து ஜெபித்துவிட்டுப் போங்கள் என்று. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டார். தேவன் குறித்து வைத்த ஆளென்றால் நான் போகாமலே சேர்த்துக்கொள்வார், இல்லையென்றால் போய் என்ன பயன் என்று அப்போது தோன்றியது. அதை விசுவாசம் என்றே நினைத்திருந்தார்.

ஞாயிறு ஆராதனைக்கு அவள் வரவில்லை. முடிந்ததும் சில்வஸ்டர் எஸ்டேட் தொழிலாளர் வரிசையில் இருந்த அவளுடைய லைன் வீட்டுக்குப் போனார். ராஜகுமாரி ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"தப்புங்கம்மா. மன்னிச்சுடுங்க. ஆஸ்பத்திரிக்கும் வந்திருக்கோணும்."

அவள் சுவரைப் பார்த்துப் பேசினாள். "நீங்க வருவீங்கன்னு அவருகிட்டச் சொல்லிட்டனுங்க. வாத்தியாரு வாரப்ப இப்பிடியா கெடக்கறதுன்னு, பக்கத்து பெட்டுக்காரர்கிட்ட பிளேடு வாங்கிச் சவரம் பண்ணிக்கிட்டாரு. கை நடுங்கிக் கன்னமெல்லாம் வெட்டு. கதவு தொறக்கறப்பெல்லாம் பாப்பாரு. பஸ் லேட்டாயிருக்கும்னு நானும் சொல்லிட்டே இருந்தேன்."

"என்கிட்ட ஏதாச்சும் சொல்லணும்னு இருந்தாரா?"

"கேக்கணும்னு இருந்தாருங்க. ஆண்டவரு என்னையெல்லாம் சேத்துக்குவாரான்னு. எனக்குப் பதில் தெரியலை. வாத்தியாரையே கேளுங்கன்னுட்டேன்."

"ஜெபம் பண்ணட்டுங்களா?" என்றார் சில்வஸ்டர்.

"இன்னைக்கு வேண்டாங்கய்யா."

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வேதத்தைத் திறக்கவில்லை. போன் வந்தது, தான் போகாதது, சகாயம் காத்திருந்தது, கேட்க நினைத்தது, எல்லாவற்றையும் எல்லோர் முன்பும் சொன்னார். செலஸ்டின் எழுந்து, "எனக்கும் போன் வந்துச்சுங்க. அவன் முடிவை அவனே எடுத்துட்டான்னு நானும் போகலை," என்று சொல்லி உட்கார்ந்தார். ராஜகுமாரி அங்கே இல்லை.

கூட்டம் முடிந்ததும் ஆட்கள் வரிசையாக வந்து சில்வஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "எவ்வளவு தாழ்மைங்கய்யா! அருமையான சாட்சி. தோத்திரம்!" என்றார் ஒருவர். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊட்டி பெரிய சபையிலும் இதைச் சொல்ல வேண்டும் என்றும், போதகரிடம் தான் பேசுவதாகவும் ஒரு அம்மா சொன்னார்.

சில்வஸ்டர் கையை உருவிக்கொண்டு வெளியே வந்தார். செலஸ்டின் பின்னாலேயே வந்து நின்றார்.

"நான் சாட்சி சொல்லலை மாப்ளே, தப்பைத்தான் சொன்னேன்," என்றார் சில்வஸ்டர்.

"தெரியுமுங்க," என்றார் செலஸ்டின். இருவராலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.