தூங்கினால் பத்து ரூபாய்

லோடுமேன் கட்ட வேண்டிய பாக்கி இருநூற்று நாற்பது ரூபாய். கடன் வாங்கித் தின்ற பணம் இல்லை. எல்லாம் தூங்கிச் சேர்த்த பணம்.

மருந்துக் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் ஞாயிறுதோறும் மதியம் ஐந்து பேர் கூடி இசைத்தட்டு கேட்பார்கள். கேட்டு முடித்ததும், டீ வருவதற்கு முன், ஒவ்வொருவரும் வாய் திறந்தாக வேண்டும். என்ன கேட்டது, மனசு எங்கே போய் நின்றது, எது பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சும்மா "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு நழுவ முடியாது. தட்டு ஓடும்போது தூங்கினால் பத்து ரூபாய் அபராதம். அது ஏறி ஏறி இருநூற்றைம்பதைத் தொட்டுவிட்டால் மொத்தத்தையும் கட்டிவிட்டு நாற்காலியைக் காலி செய்ய வேண்டும். அறையில் ஐந்து பேருக்குத்தான் இடம். எந்த நாற்காலி எப்போது காலியாகும் என்று மருந்துக் கடைக்காரரின் மைத்துனர் வேறு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

சட்டமெல்லாம் மருந்துக் கடைக்காரர் போட்டது. எதையும் எழுதி வைக்க மாட்டார். எந்த மாத்திரை எந்தத் தட்டில் இருக்கிறது என்பது மாதிரி, யார் எத்தனை தடவை தூங்கினார்கள் என்பதும் அவருக்கு நாக்கு நுனியில் இருக்கும்.

லோடுமேன் அங்கே வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. ஒருநாள் மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கடைக்குள் போனான். பின்னறையில் கடைக்காரர் தனியாக ஓட விட்டிருந்த தட்டு முடியும் தறுவாயில், ஒரு வயலின் சத்தம். பெட்டியை இறக்கி வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றுவிட்டான். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இறக்கி வெச்சிட்டு உக்காந்து கேளுங்க தம்பி, பெட்டி எங்கயும் போயிடாது" என்றார். முடிந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் அவன் விழுந்தான். எத்தனை மூட்டை ஏற்றினாய், ஏன் லேட்டு, கையெழுத்துப் போடத் தெரியுமா என்றெல்லாம் அவனிடம் ஊரே கேட்டிருக்கிறது. எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அவனுக்கு வார்த்தை வரவில்லை. அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றான். அடுத்த ஞாயிறு வந்தான், உட்கார்ந்தான், தூங்கிவிட்டான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கிடங்குக்கு லாரிகள் சனிக்கிழமை ராத்திரிதான் வரும். விடிய விடியச் சரக்கு இறக்கிவிட்டு, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு நேராக வருவான். கை வைத்த நாற்காலியில் முதுகு சாய்ந்தால் போதும். முதல் இழுப்பு காதில் விழும். அடுத்ததாக விழுவது டீ கிளாஸ் சத்தம். ஒருதரம் சமாளிக்கப் பார்த்து, "பாடினவர் குரல் கடைசி வரைக்கும் பிசிறு தட்டலை" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு ஓடியது புல்லாங்குழல். ஐந்து பேரில் ஒருவரான தையல்காரர் சிரித்த சிரிப்பில், வாயில் ஊசி இருந்திருந்தால் விழுங்கியிருப்பார். அதிலிருந்து அவனுக்குத் தூங்குமூஞ்சி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வீட்டிலும் இதே கேலிதான். "காசு குடுத்துத் தூங்குற ஒரே ஆள் நீங்கதான். வீட்ல ஓசியிலயே தூங்கலாமே" என்பாள் மனைவி. ஆனால் பாக்கி இருநூற்று நாற்பது ஆகிவிட்டது, இன்னொரு தடவை தூங்கினால் தன் கதை முடிந்தது என்று அவன் சொன்ன ராத்திரி அவள் கேலி செய்யவில்லை. சனிக்கிழமை வேலையை வேறு யாருக்காவது மாற்றிக் கொடுங்கள், நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள் என்றாள். கூட வேலை பார்ப்பவனிடம் கெஞ்சி, பதிலுக்கு இரண்டு ராத்திரி செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, லோடுமேன் அந்தச் சனிக்கிழமை பொழுது சாய்ந்ததுமே படுத்துவிட்டான்.

அன்று ராத்திரி மின்சாரம் போனது. போனது போனதுதான், விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் வந்தது. மின்விசிறி இல்லாமல் அந்த வட்டாரமே புழுங்கிப் புரண்டு, வாசலில் நின்று விசிறிக்கொண்டு, மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டு கண் விழித்துக் கிடந்தது. மின்சாரம் போன விஷயமே லோடுமேனுக்குக் காலையில் மனைவி சொல்லித்தான் தெரியும்.

ஞாயிறு மதியம் அறைக்குள் நுழைந்தவன் தன் நாற்காலிப் பக்கமே போகவில்லை. தட்டு ஓடும் பெட்டிக்குப் பக்கத்தில், சாய முடியாத முக்காலி ஒன்று உண்டு. தட்டைப் போடுகிறவர் பஸ் கண்டக்டர் என்பதால் அது அவருடைய இடம். இன்றைக்கு இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதும் கண்டக்டர் மறுபேச்சுப் பேசவில்லை. தட்டைப் போட்டு ஊசியை வைத்துவிட்டு, போய்க் கை வைத்த நாற்காலியில் அப்பாடா என்று சாய்ந்தார். பள்ளிக்கூட வாத்தியார் இன்னொரு நாற்காலியில் இருந்தார். அவர் கண் இரண்டும் சிவந்திருந்தது.

வயலின் ஆரம்பித்தது. துணைக்கு எதுவும் இல்லை, ஒற்றை வயலின். லோடுமேன் தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் கிள்ளுவதை மறந்துவிட்டான். தூக்கமே வரவில்லை. இத்தனை நாளும் இதையா விட்டோம் என்று இருந்தது.

நடுவில் ஒருதரம் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். நான்கு பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். கடைக்காரரின் தாடை மார்பில் பட்டிருந்தது. தையல்காரர் அவ்வப்போது தொண்டைக்குள் 'ம்ம்ம்' என்று ரசித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் லேசாக வாயைத் திறந்து, வாத்தியார் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஆடாமல் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டால் இப்படி அல்லவா கேட்க வேண்டும் என்று அவனுக்கு மலைப்பாக இருந்தது. இவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்பதை விழித்திருந்து பார்ப்பது அவனுக்கு அன்றுதான் முதல் தடவை.

வயலின் ஓய்ந்தது. ஊசிக்கை தானாக எழும்பி, தானாகத் திரும்பி, தன் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. யாரும் அசையவில்லை. மனசுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் போல என்று லோடுமேனும் கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாக இருந்தான்.

உள்ளே அடுக்களையில் டீ கிளாஸ் சத்தம் கேட்டது. நான்கு பேரும் நிமிர்ந்தார்கள். கடைக்காரர் உதட்டைத் துடைத்துக்கொண்டு, ஊசிக்கை தன் இடத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தொடங்கினார். வயலினெல்லாம் சரி, ஆனால் இந்தத் தட்டுக்கு உயிரே கடைசியில் வரும் அந்த மிருதங்கம்தான் என்றார். தையல்காரர் பலமாகத் தலையாட்டினார். வயலினும் மிருதங்கமும் மாமியார் மருமகள் மாதிரி வாக்குவாதம் பண்ணிவிட்டுக் கடைசியில் ஒன்றாகப் போய் நிற்பதைக் கேட்டு மெய்சிலிர்த்துவிட்டது என்றார். மலைப்பாதை வளைவில் பஸ் திரும்புகிற மாதிரி மிருதங்கம் ஒரு இடத்தில் திரும்பியதே என்று கண்டக்டர் கையால் சுழற்றிக் காட்டினார். வாத்தியார் அதையே இன்னும் நீட்டிச் சொன்னார்.

லோடுமேன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எந்த மிருதங்கம்? அவன் காதில் ஒரு தட்டுச் சத்தம்கூட விழவில்லையே. நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். அப்படியானால் தான் தூங்கியிருக்க வேண்டும். முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்க வேண்டும்.

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு தம்பி?" என்றார் கடைக்காரர்.

மிருதங்கம் பிரமாதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. நாற்காலி தப்பிக்கும். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் ஒரு ஞாயிறாவது கேட்டதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தான்.

"மூட்டையை முதுகுல வெச்சிக்கிட்டுப் படி ஏறுவோம்ணே. பாதியில ஒரு நிமிஷம் நிப்போம். அடுத்த படியில கால் வைக்கலாமா வேண்டாமான்னு உடம்பு யோசிக்கும். அந்த வயலின் ஒரு இடத்துல அப்படித்தான் நின்னுச்சு. வெச்சிடுவாரா, வெச்சிடுவாரான்னு எனக்கே மூச்சு முட்டிச்சு. அப்புறம் மெதுவா வெச்சாரு பாருங்க..." நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "மிருதங்கம் மட்டும் கேக்கலைண்ணே. தூங்கிட்டேன் போலிருக்கு. மீதிப் பத்தையும் சேத்துக்குங்க. மொத்தத்தையும் நாளைக்குக் கட்டிடறேன். மச்சானை வரச் சொல்லிடுங்க."

கடைக்காரரின் மனைவி டீத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லோருக்கும் அவள் அக்கா.

"மிருதங்கம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள் அக்கா. "எனக்கும்தான் உள்ள கேக்கலை." டீயை வைத்துவிட்டுப் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். "முதல் பக்கம்தானே மேல இருக்கு? மிருதங்கம் ரெண்டாம் பக்கத்துல இல்ல வரும். டீக்காக நடுவுல நிறுத்தியிருக்கீங்கன்னு நெனச்சேன். திருப்பவே இல்லையா?"

லோடுமேன் திருதிருவென விழித்தான். "திருப்பணுமா?"

திருப்புகிற நேரத்தில் அவன் ஒருநாளும் விழித்திருந்ததில்லை. தட்டுக்கு இன்னொரு பக்கம் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

கண்டக்டர் சுவரைப் பார்த்தார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தையல்காரர்தான் முதலில் உடைந்தார். சிரிப்பை அடக்கிப் பார்த்து, முடியாமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ராத்திரி மின்சாரம் போனதில் பொட்டுத் தூக்கம் இல்லை, மற்றவர்கள் கேட்டிருப்பார்கள், தான் ஒருவன்தான் தூங்கினோம் என்று நினைத்து, போன வருஷம் கேட்ட ஞாபகத்தில் அடித்துவிட்டதாக ஒத்துக்கொண்டார். தானும் அப்படித்தான் என்றார் கண்டக்டர். வாத்தியார் தலையை மட்டும் ஆட்டினார்.

எல்லோரும் கடைக்காரரைப் பார்த்தார்கள்.

"நீங்க?" என்றாள் அக்கா.

"கண்ணை மூடினது ஞாபகம் இருக்கு" என்றார் அவர்.

லோடுமேனுக்குச் சிரிப்புக்கூட உடனே வரவில்லை. மாடி வரைக்கும் சுமந்த மூட்டையை இறக்கிவிட்டு நிமிரும்போது முதுகு தானாகக் காற்றில் மிதக்குமே, அப்படி இருந்தது. தூங்கவில்லை. அவன் கேட்டது கேட்டதுதான். அந்த வயலின் நிஜமாகவே அந்தப் படியில் நின்றது.

கண்டக்டர் எழப் போனார். நீங்கள் இருங்கள் என்று அக்கா தடுத்துவிட்டு, எப்படித் திருப்புவது என்று லோடுமேனுக்குக் காட்டினாள். மூட்டை தூக்கிக் காய்ப்பு ஏறிய இரண்டு கையாலும் ஓரத்தை மட்டும் பிடித்து, பச்சைக் குழந்தையைப் புரட்டுகிற மாதிரி தட்டைப் புரட்டினான். ஊசியை வைத்தான். வயலின் வந்தது. பின்னாலேயே, ஆமாம், மிருதங்கமும் வந்தது.

திரும்பிப் பார்த்தான். நான்கு பேரும் கண்ணை உருட்டி விழித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக் கேட்டவன் அன்றைக்கு அவன் ஒருவன்தான்.

தட்டு முடிந்தபோது டீ ஆறிப்போயிருந்தது. ஆறின டீயையே குடித்தார்கள். இந்தத் தூங்குமூஞ்சி என்கிற பேரை இனிமேல் யாருக்கு வைப்பது என்று தையல்காரர் கேட்டார். மருந்துக் கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, அந்த இருநூத்தி நாப்பது தள்ளுபடி. என் மச்சானுக்கு நான் ஒரு ஸ்டூல் வாங்கிக்கிறேன்."

"சரிண்ணே" என்றான் லோடுமேன்.

"அதை விடுங்க. மிருதங்கம் எப்படி இருந்துச்சு?"